வந்து போகிறவர்களின் வசந்தம்

‘வசந்தம்’ என்ற சொல் நமது இலக்கியத்திலே தாராளமாகப் புழங்குகின்றது. ஆனால், கண்டியில் வாழும் ஒருவரிடம் வசந்தம் எப்போது தொடங்குகின்றது என்று கேட்டுப் பாருங்கள். அவர் சற்றுத் தயங்கவே செய்வார். இங்கே உருகுவதற்குப் பனிப்படலம் இல்லை. மொட்டையாய் நின்ற மரங்களெல்லாம் ஒரே நாளில் தளிர்ப்பதும் இல்லை. தமிழ் மரபு மாசியையும் பங்குனியையும் பின்பனி என்றும், சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்றும் வகுத்தது. கண்டியிலோ மாசியும் பங்குனியும் மழை குறைந்து மண் உலரும் மாதங்கள். பருவம் மாறுவதை இங்கே நாட்காட்டியைவிடத் தெளிவாக அறிவிப்பவை வீட்டு வளவுக்கு வரும் பறவைகள்தாம். நேயர்களே, இன்றைய பேச்சு அவற்றைப் பார்ப்பது பற்றியும் படம் பிடிப்பது பற்றியும்.

குளிர்நாட்டுக் கவிஞர்களுக்கு வசந்தம் என்றால் பறவைகள் திரும்பி வரும் காலம். நமக்கு அது தலைகீழாக அமைந்துள்ளது. புரட்டாதி, ஐப்பசி மாதங்களில் இந்தியாவிலிருந்தும் அதற்கும் அப்பாலிருந்தும் வந்து சேர்ந்த விருந்தாளிகள் பங்குனியிலும் சித்திரையிலும் நம்மிடம் விடைபெறுகின்றன. அவர்கள் ஊரின் வரவேற்பு, நம் ஊரின் வழியனுப்புதல். கண்டியின் இளவேனில் தொடங்குவதே ஒரு பிரிவில்தான் என்பதைக் கமெராவோடு பின்வளவில் காத்திருந்த காலைகளே எனக்குக் கற்றுத் தந்தன.

இந்த விருந்தாளிகள் தலதா மாளிகைக்குப் பின்னே உயரும் உடவத்தகலைக் காட்டோடு நின்றுவிடுவதில்லை. 1938ஆம் ஆண்டில் சரணாலயமாக்கப்பட்ட அந்தக் காடு நகரின் நடுவே ஒரு பச்சைத் தீவு. ஆனால் அதைச் சுற்றியுள்ள வீட்டுத் தோட்டங்களும் பறவைக்குக் காடுதான். மேலே பலாவும் ஈரப்பலாவும் கித்துளும், நடுவே கமுகும் கராம்பும் சாதிக்காயும், மரத்தைச் சுற்றி மிளகுக்கொடி, அடியில் வாழையும் கோப்பியும் என அடுக்கடுக்காக அமைந்த கண்டி வீட்டுத் தோட்டம், வேளாண்மையும் வனமும் கலந்த முறைக்கு எடுத்துக்காட்டாக உலக நூல்களில் இடம்பெறுகின்றது. நம் பாட்டன்மார் வயிற்றுக்காக வளர்த்தது பறவைக்கு வீடாயிற்று.

விருந்தாளிகளில் முதலிடம் ஆறுமணிக்குருவிக்கு. காலையிலும் மாலையிலும் ஆறு மணியளவில் குரல் கொடுப்பதால் தமிழில் இந்தப் பெயர். பச்சை முதுகு, நீலம் மின்னும் சிறகு, வாலடியில் சிவப்பு, கண்ணின் குறுக்கே கருங்கோடு; இத்தனை நிறமும் மைனாவைவிடச் சிறிய உடம்பில்! வட இந்தியர் இதனை ‘நவரங்’ என்பர். இமயத்தின் அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் மழைக்காலத்தில் குஞ்சு பொரித்து, பின்பு இரவு இரவாகப் பறந்து தெற்கே வருகின்றது. சிங்களத்தில் இதற்கு ‘அவிச்சியா’ என்று பெயர், குரலையே பெயராக்கிவிட்டார்கள். அந்தக் குரலுக்கு மக்கள் பொருளும் சொல்வதுண்டு. “எவித் கியா, எவித் கியா என்றுதான் அது கத்துகிறது. வந்து போனான் என்று அர்த்தம்” என எனக்குச் சொன்னவர் பக்கத்து வீட்டு அம்மா. மயில் தன் உடையைத் திருடிப் போனதாக முறையிடுகிறதாம். வந்து போகும் பறவைக்கு இதைவிடப் பொருத்தமான சொல்லை எந்தக் கவிஞர் தந்துவிட முடியும்?

இந்தக் குருவி கிளையில் அமர்ந்து காட்சி தருவது குறைவு. நிலத்தில் தத்தித் தத்திச் சருகைப் புரட்டிப் புழுவும் பூச்சியும் தேடும். ஆகவே வாசலைப் போலப் பின்வளவையும் நாள்தோறும் துப்புரவாகக் கூட்டிச் சருகை எரித்துவிடும் வீட்டில் அதற்கு உணவில்லை. ஒரு மூலையைக் கூட்டாமல் விட்டால் போதும். அதே சருகு மேட்டில் மற்றொரு விருந்தாளியான கொடிக்கால் வாலாட்டியும் நடமாடும். இது கிழக்காசியாவிலிருந்து வருவது. மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்ட, இது மட்டும் பக்கவாட்டில் ஆட்டும்.

யார் விருந்தாளி, யார் வீட்டுக்காரர் என்பதைப் படம் எப்படிக் காட்டித்தரும் என்பதற்கு அரசவால் ஈப்பிடிப்பான் நல்ல சான்று. நீண்ட வாலை நாடாவாக அசைத்துப் பறக்கும் இப்பறவையின் ஆணை இரு நிறங்களில் காணலாம். வெண்ணிறத்தவனைச் சிங்களத்தில் ‘துணி திருடன்’ என்றும், செந்நிறத்தவனைத் ‘தீத் திருடன்’ என்றும் பொருள்படும் பெயர்களால் அழைக்கிறார்கள். இலங்கையிலேயே பிறந்து வளரும் இனத்தின் ஆண் வெண்மை பெறுவதில்லை. எனவே வெண்ணிற ஆணின் படம் கிடைத்தால், அது கடல் கடந்து வந்தவன் என்று உறுதியாகச் சொல்லலாம். செந்நிறத்தவன் இரு தரப்பிலும் உண்டு.

விருந்தாளிகளின் குரல் ஓயும் வேளையில் உள்ளூர்க் குயிலின் குரல் ஓங்குகின்றது. முள்முருக்கு சிவக்க, ‘கொஹா’ கூவச் சித்திரைப் புத்தாண்டு நெருங்குகிறது என்பது சிங்கள மக்கள் அனைவரும் அறிந்த அடையாளம். தமிழ்க் கவிகளுக்கும் இளவேனிலின் தூதர் குயில்தான். கவிகள் பெண்குயிலைப் பாட வைத்தாலும், ‘குவூ’ என்று உயர்ந்து செல்லும் கூவல் கருநிற ஆணுடையது. புள்ளிகள் நிறைந்த பழுப்புப் பெண், காக்கைக் கூட்டில் முட்டையிடச் சமயம் பார்த்து இலைமறைவில் இருப்பாள்.

இந்தத் தீவில் பறவையைப் படமாக்கும் ஆசை புதிதல்ல. 1752 முதல் 1757 வரை இங்கே ஒல்லாந்த ஆளுநராயிருந்த லோட்டன், பீட்டர் கோர்னேலிஸ் டி பெவரே என்ற ஓவியரைக் கொண்டு பறவைகளை வரைவித்தார். அந்த ஓவியங்கள் லண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையில் உள்ளன. வளைந்த நீள அலகோடு நமது வாழைப்பூவுக்கு வரும் தேன்சிட்டு இன்றும் லோட்டன் பெயரையே சுமக்கின்றது. அதன்பின் வந்த ஆய்வாளர் பலர், பறவையைச் சுட்டு வீழ்த்திக் கையில் எடுத்த பின்பே அதை விவரித்தனர். 1955இல் வெளிவந்த ஜி. எம். ஹென்றியின் இலங்கைப் பறவை நூலோ, ஆசிரியர் தம் கையாலேயே தீட்டிய ஓவியங்களோடு சாதாரண வாசகனையும் தோட்டத்தைப் பார்க்க வைத்தது. உயிருக்குச் சேதமின்றி உருவத்தை எடுத்துக்கொள்ளும் வசதி இன்று நம் கையில் இருக்கின்றது.

அந்த வசதிக்கும் ஒரு மரியாதை வேண்டும். பறவையைத் துரத்திப் போகாதீர்கள். யன்னலோரம் அசையாது அமர்ந்திருந்தால் அதுவே வரும். சூரியன் நமது முதுகுப்புறம் இருக்கட்டும். காலை ஆறரை முதல் எட்டு மணிவரை ஒளி மென்மையானது. பறவையின் கண் தெளிவாக விழுந்தால்தான் படத்திற்கு உயிர். உலர்ந்த மாதங்களில் ஆழமில்லாத மண்சட்டியில் தண்ணீர் வைத்தால், கொண்டைக்குருவியும் தவிட்டுக்குருவிக் கூட்டமும் குளிக்க வரும். நீரை நாள்தோறும் மாற்றுங்கள். இல்லையேல் நுளம்பு பெருகும். கூட்டை மட்டும் நெருங்க வேண்டாம். நாம் விலக்கிய இலை காக்கைக்கும் செம்போத்துக்கும் வழிகாட்டிவிடும். ஒலிப்பதிவு செய்த குரலை ஒலித்துப் பறவையை அழைப்பதும் தகாது. எதிரி வந்ததாக எண்ணி அது இரையை மறந்து அலைக்கழியும்.

படத்தோடு திகதியையும் இடத்தையும் குறித்து வைப்பது மிக முக்கியம். ஆறுமணிக்குருவியைக் கடைசியாகக் கண்ட நாள் எது என்பதை ஆண்டுதோறும் எழுதுங்கள். 1943இல் தொடங்கிய இலங்கைப் பறவைக் கழகம் இத்தகைய குறிப்புகளைத் திரட்டி வந்தது. இன்று 2002இல் தொடங்கிய ‘ஈ-பேர்ட்’ என்ற உலகப் பதிவேட்டிலும் எவரும் சேர்க்கலாம். பத்தாண்டுக் குறிப்புகள் பக்கத்தில் பக்கமாய் நின்றால், பருவம் நகர்கிறதா, வருகை குறைகிறதா என்பதை ஒரு வீட்டு வளவே சொல்லத் தொடங்கும்.

அப்படிச் சொல்வதற்கு வளவு இருக்க வேண்டும். தோட்டம் பிள்ளைகளுக்குப் பங்காகப் பிரிகின்றது. பலா வெட்டப்பட்டு மதில் எழுகின்றது; மண்ணின் மீது கொங்கிரீட் படிகின்றது. சட்டம் உடவத்தகலையைக் காக்கும். பின்வளவின் சருகு மூலையைக் காக்க வீட்டுக்காரரைத் தவிர யாரும் இல்லை. வழியனுப்பிய விருந்தாளி அடுத்த ஐப்பசியில் இரவோடு இரவாகக் கடல் கடந்து களைத்து வரும்போது, அதற்கு வேண்டியது நிழலும் புழுக்கள் உள்ள ஒரு பிடி ஈரமண்ணுமே. விளக்குமாற்றைக் கையில் எடுக்கும்போது இதனை ஒரு கணம் நினைத்துக்கொண்டால் போதும்.