சைக்கிள் சில்லில் சத்தமா? நீங்களே கண்டுபிடித்துத் திருத்தலாம்

2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த கடல் அலைக்குப் பிறகு, கல்முனைக்குடியில் பல குடும்பங்கள் தமது சைக்கிளை மணலுக்குள் இருந்தே எடுத்தன. கழுவித் துடைத்து, அதையே தொடர்ந்து ஓடியவர்கள் இருக்கிறார்கள். அதன் பின்னர் கிழக்குக் கரையில் 200 மீற்றர் தடை வலயம் அறிவிக்கப்பட்டிருந்ததால், அப்போது உள்ளே தள்ளிக் குடியேறியவர்களுக்குக் கடற்கரை தூரமாகியது. மீன் பெட்டி கட்டி வியாபாரத்துக்குப் போகவும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிச் செல்லவும், தண்ணீர் கான் கொண்டு வரவும் சைக்கிள் வேண்டும். அதனால் சில்லு போடும் சத்தத்தைச் சும்மா விடாதீர்கள்.

கடல் தண்ணீரில் கிடந்த சைக்கிளின் வெளித் துரு கண்ணுக்குத் தெரியும். சில்லின் நடுவில் உள்ள ஹப்புக்குள் போன உப்பும் மணலும் தெரியாது. வெளியே இருந்து எண்ணெய் விட்டால் சத்தம் ஓரிரு நாள் அடங்கும். ஆனால் அந்த எண்ணெய் உள்ளே இருக்கும் கிரீஸைக் கரைத்து, மணலை இன்னும் உள்ளே கொண்டு போகும். தேங்காய் எண்ணெய் விட்டால் நாளடைவில் பிசினாக இறுகும்.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

ஓடும்போது மிதிப்பதை நிறுத்திப் பாருங்கள். சத்தமும் நின்றால் கோளாறு செயினில் அல்லது பெடலில், சில்லில் அல்ல. மிதிக்காத நேரம் பின் சில்லில் கேட்கும் "டிக் டிக்" சத்தம் இயல்பானது.

பிறகு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சில்லைக் கையால் சுற்றிவிட்டுக் கேளுங்கள்.

• ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை உரசினால்: ரிம் வளைந்து பிரேக் கட்டையில் படுகிறது, அல்லது டயர் ஓரிடத்தில் புடைத்திருக்கிறது.
• கடகடவென்று தகரச் சத்தம் வந்தால்: மட்காட் கம்பியின் நட் தளர்ந்திருக்கிறது. இறுக்கினால் போதும்.
• ஆள் ஏறினால் மட்டும் "கிளிக்" என்று கேட்டால்: கம்பி தளர்ந்திருக்கலாம். கம்பிகளை இரண்டிரண்டாக விரலால் அமுக்கிப் பாருங்கள். தளர்ந்ததை ஒரு தடவைக்குக் கால் சுற்று மட்டும் இறுக்குங்கள். கூடினால் ரிம் வளையும்.
• விடாமல் கரகரவென்று அரைத்தால்: கோளாறு ஹப்புக்குள். ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் அசையுங்கள். ஆடினால் கோன் தளர்ந்திருக்கிறது.

முன் சில்லின் ஹப்பைத் துப்புரவு செய்தல்

பின் சில்லில் பிரீவீல் இருப்பதால் அதைக் கடையில் கொடுப்பது நல்லது. முன் சில்லை வீட்டிலேயே செய்யலாம். இரண்டு ஸ்பானர், பழைய துணி, சிறிது மண்ணெண்ணெய், கிரீஸ் ஆகியவை தேவை.

1. சில்லைக் கழற்றி, வெள்ளைத் துணி ஒன்றின் மேல் வையுங்கள். ஒரு பக்க நட்டையும் கோனையும் மட்டும் கழற்றுங்கள். மற்றப் பக்கக் கோனைத் தொட வேண்டாம்.

2. அச்சை மெதுவாக இழுங்கள். போள்ஸ் எனப்படும் சிறு இரும்புக் குண்டுகள் துணியில் விழும். எண்ணி வையுங்கள். முன் சில்லில் பெரும்பாலும் பக்கத்துக்குப் பத்து இருக்கும்.

3. முதலில் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். உப்பு தண்ணீரில்தான் கரையும், மண்ணெண்ணெயில் கரையாது. உங்கள் கிணறு உவர்ப்பாக இருந்தால் அந்தத் தண்ணீர் வேண்டாம். வேறு நல்ல தண்ணீர் ஒரு கோப்பை போதும். வெயிலில் நன்றாகக் காயவிட்டு, பிறகு மண்ணெண்ணெயால் பழைய கிரீஸைத் துடையுங்கள். அடுப்புக்கும் பிள்ளைகளுக்கும் தூரமாக வைத்துச் செய்யுங்கள்.

4. போள்ஸிலோ கோனிலோ குழி விழுந்திருந்தால் திரும்பப் போட வேண்டாம். போள்ஸில் ஒன்று பழுதானாலும் எல்லாவற்றையும் மாற்றுங்கள். பழையதில் ஒன்றைக் கடைக்குக் கொண்டு போனால் அளவு தவறாது.

5. கிண்ணத்தில் கிரீஸ் பூசி, குண்டுகளை அதில் ஒட்டி அடுக்குங்கள். அச்சை நுழைத்து, கோனை விரலால் இறுக்கி, கால் சுற்றுத் தளர்த்துங்கள். கோன் சுற்றாமல் ஒரு ஸ்பானரால் பிடித்துக்கொண்டு மற்றதால் நட்டை இறுக்குங்கள்.

6. சில்லைப் பூட்டி மெதுவாகச் சுற்றிவிடுங்கள். வால்வு உள்ள பக்கம் தானாகக் கீழே வந்து நின்றால், பக்கவாட்டில் ஆட்டமும் இல்லாவிட்டால், வேலை சரி. சில்லு இறுக்கமாக நின்றால் கோனைச் சிறிது தளர்த்துங்கள்.

இப்படி இருந்தால் ஓட வேண்டாம்

இரண்டு மூன்று கம்பிகள் அறுந்திருந்தால், அச்சு வளைந்திருந்தால், ரிம்மைத் துரு தின்றிருந்தால், முன் போர்க்கின் அடியில் பெயின்ட் கொப்பளித்திருந்தால், மீன் பெட்டியோ பிள்ளையோ ஏற்ற வேண்டாம். போர்க் உள்ளே இருந்து துருப்பிடித்தால் முன்னறிவிப்பில்லாமல் முறியும். முதலில் சைக்கிள் திருத்துபவரிடம் காட்டுங்கள்.

கடற்கரை மணலில் ஓடும் சைக்கிளை வாரத்துக்கு ஒரு தடவை ஈரத் துணியால் துடையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஹப்பைக் கழற்றிக் கிரீஸ் போடுங்கள். பக்கத்து வீட்டுச் சைக்கிளும் அலையில் கிடந்ததாக இருக்கலாம். ஸ்பானர் ஒரு வீட்டிலும் கிரீஸ் இன்னொரு வீட்டிலும் இருந்தால், ஒரு பின்னேரத்தில் இரண்டு சைக்கிளையும் முடித்துவிடலாம்.