மூட்டைக்குள் என்ன மருந்து?

1980களில் பெங்களூரைச் சுற்றி ஹொசகோட்டே, தொட்டபள்ளாபூர், ஆனேகல் பக்கம் பிராய்லர் வளர்த்தவர்களில் பலர் தீவனத்தைத் தாங்களே கலந்தார்கள். சிமெண்டுத் தரையில் மக்காச்சோள மாவு, பிண்ணாக்கு, கருவாட்டுத் தூள். மேலே மருந்துப் பொடியைத் தூவி மண்வெட்டியால் நாலு புரட்டு. பொடி பெரும்பாலும் ரத்தக் கழிச்சலுக்கு. ஈர உமியில் நெருக்கியடித்து வளரும் குஞ்சுகளை அந்த நோய் லேசில் விடாது.

மருந்தும் லேசானதல்ல. மொனென்சின், சாலினோமைசின், மதுராமைசின் எல்லாம் ஒரே குடும்பம். உயிரணுவுக்குள் சோடியத்தைக் கடத்தும். பின்னாலேயே கால்சியம் புகும். ரத்தக் கழிச்சல் கிருமி அப்படித்தான் சாகிறது. அளவு மிஞ்சினால் கோழியின் இதயத்தசைக்கும் கால்தசைக்கும் அதே கதிதான். டன் தீவனத்துக்கு மொனென்சின் 100 முதல் 120 கிராம் போகலாம். மதுராமைசின் வெறும் 5 கிராம். மாவோடு கலந்த ப்ரீமிக்ஸாக வந்தாலும் அதை மண்வெட்டியால் ஒரு டன்னில் சீராகப் பரப்ப யாரால் முடியும்? மருந்து குவிந்த மூலையில் தின்ற கோழிகள் காலைப் பின்னுக்கு நீட்டி, மார்பு தரையில் பட விழுந்துவிடும். (கோழிக்கு ஒத்துக்கொள்ளும் மொனென்சின் குதிரைக்கு ஆகவே ஆகாது, உடல் எடையில் கிலோவுக்கு 2, 3 மில்லிகிராம் போனாலே உயிருக்கு ஆபத்து.)

அளவு சரியாக இருந்தும் கோழி விழுவதுண்டு. சளிக்கென்று தண்ணீரில் தியாமுலின் கொடுத்தால், தீவனத்தில் உள்ள சாலினோமைசினை ஈரல் சிதைக்க முடியாமல் போகும். அது உடம்பிலேயே தேங்கும். செத்த கோழியை அறுத்துப் பார்த்தாலும் பல சமயம் கண்ணுக்கு ஒன்றும் தட்டுப்படாது. தீவனத்தில் உள்ள மருந்தையும் தண்ணீரில் கொடுத்த மருந்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் பிடிபடும்.

1990களில் உடுமலைப்பேட்டை, பல்லடம் பக்கம் வேரூன்றிய ஒப்பந்த வளர்ப்பு கர்நாடகத்திலும் பரவியது. குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனியுடையவை. ஷெட்டும் உழைப்பும் பண்ணைக்காரருடையவை. அவருக்கு வளர்ப்புக் கூலி. ஆலையில் இயந்திரம் கலப்பதால் கோழிகள் கூட்டமாகச் சாய்வது குறைந்திருக்கிறது. ஆறு வாரத்துக்குள் 2 கிலோ எடை. நல்ல மாற்றம்தான்.

ஆனால் அன்று கலந்தவருக்குத் தான் போட்ட பொடியின் பெயராவது தெரியும். இன்று மூட்டையைப் பிரிப்பவருக்குப் பெரும்பாலும் அதுவும் தெரியாது. ரத்தக் கழிச்சல் மருந்தைத் தவிர, வளர்ச்சிக்காகச் சிறு அளவில் சேர்க்கும் ஆன்டிபயாட்டிக்கும் அதில் இருக்கலாம். அது கோழியைக் கீழே தள்ளுவதில்லை. மருந்துக்கு மசியாத பாக்டீரியாவை வளர்க்கிறது. 2014இல் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் டெல்லி வட்டாரத்தில் வாங்கிச் சோதித்த 70 கோழி மாதிரிகளில் 40 சதவீதத்தில் ஆன்டிபயாட்டிக் எச்சம் இருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2006இலேயே வளர்ச்சிக்கான ஆன்டிபயாட்டிக்குகளை நிறுத்திவிட்டது. மனிதர்களுக்குக் கடைசிக் கட்டத்தில் கொடுக்கும் கொலிஸ்டினைத் தீவனத்திலிருந்து விலக்க இந்தியாவுக்கு 2019 ஜூலை வரை ஆனது.

மருந்தின் பெயர், டன்னுக்கு எத்தனை கிராம், விற்பனைக்கு எத்தனை நாள் முன் நிறுத்த வேண்டும்: மூன்றையும் மூட்டையில் கன்னடத்திலும் தமிழிலும் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்பேன். கோழி ஏற்ற லாரி என்றைக்கு வரும் என்பதைக் கம்பெனிதான் முடிவு செய்கிறது; அந்தத் தேதியையும் முன்பே சொல்ல வேண்டும். மருந்தில்லாத் தீவனம் போட வேண்டிய கடைசி நாட்களைப் பண்ணைக்காரர் வேறு எப்படி எண்ணுவார்?