கோப்பை என்றால் எந்தக் கோப்பை?

கொச்சி மட்டாஞ்சேரியின் ஜூ டவுனில், 1568-ஆம் ஆண்டில் எழுந்த யூதர் தொழுகைக் கூடம் இன்றும் நிற்கிறது. அங்கு வாழ்ந்த யூதப் பெண்டிர் இறைச்சிக் குழம்பில் தேங்காய்ப்பாலைச் சேர்த்தனர். இறைச்சியோடு பசும்பாலைக் கலத்தல் அவர்தம் சமயத்துக்கு ஆகாது. 1948-இல் இஸ்ரேல் நாடு தோன்றியபின் கொச்சி யூதருள் பெரும்பாலோர் அங்குக் குடியேறினர். குழம்பும் உடன் சென்றது. அளவு என்னவாயிற்று?

பிற மாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு இஃது அயலார் கதையன்று. அன்னையின் கடிதத்தில் ஆழாக்கு. அச்சிட்ட சமையற் குறிப்பில் கோப்பை. கடைப் பெட்டியிலோ மில்லிலிட்டர். 1956-ஆம் ஆண்டுச் சட்டம் லிட்டரைக் கடைக்குக் கொண்டுவந்ததேயன்றி, அடுக்களையை முற்றும் வென்றுவிடவில்லை!

கோப்பையும் ஒன்றன்று. அமெரிக்கக் கோப்பை ஏறத்தாழ 237 மி.லி.; ஆஸ்திரேலியாவினது 250; ஜப்பானியரது 200; பழைய ஆங்கிலேய வழக்கில் அரைப் பைண்ட், அதாவது 284. அரிசி ஒரு கோப்பை, நீர் இரண்டு கோப்பை என்றால் எக்கோப்பையும் தகும்; விகிதம் மாறாதன்றோ? பெட்டியும் கோப்பையும் ஒரே குறிப்பில் கலக்கும்போதுதான் தொல்லை. அமெரிக்கக் குறிப்பொன்று இரண்டு கோப்பை தேங்காய்ப்பால் கேட்கிறது. நாம் 200 மி.லி. பெட்டிகள் இரண்டை ஊற்றுகிறோம். 74 மி.லி. குறைகிறது, ஐந்து மேசைக்கரண்டிக்கு அது சமம். மிளகையும் புளியையும் மட்டும் குறிப்பின்படி இட்டுவிட்டு, விருந்தினர் முன் நானே நாணியதுண்டு.

வீட்டில் புழங்கும் தம்ளர் ஒன்றை எடுத்து, ஒரு லிட்டர் நீரை அதில் விளிம்புவரை நிரப்பி நிரப்பிக் கொட்டிப் பாருங்கள். ஐந்து முறை நிறைந்தால் அது 200 மி.லி.; நான்கு முறையானால் 250. ஆறு முறையானால் ஏறத்தாழ 167; இக்காலத்தார் ஆழாக்குக்குக் கூறும் 168-ஐ அது அநேகமாக ஒத்தது. ஆயினும் பழைய ஆழாக்கு ஊருக்கு ஊர் வேறுபட்டதாகையால், அன்னையாரின் பாத்திரத்தையே அளந்து பார்ப்பது மேல். 200 மி.லி. தம்ளர் உள்ளவர்க்கு அமெரிக்கக் கோப்பை என்பது ஒரு தம்ளரும் இரண்டரை மேசைக்கரண்டியும். மேசைக்கரண்டி நமக்கு 15 மி.லி.; ஆஸ்திரேலியக் குறிப்பாயின் 20.

தராசு வைத்திருப்போர் நீரை நிறுத்தும் அளக்கலாம்: ஒரு மி.லி. நீர் ஒரு கிராம். தேங்காயெண்ணெய்க்கு இக்கணக்கு பொருந்தாது. அது லிட்டருக்கு ஏறத்தாழ 920 கிராமே நிற்கும்.