வேகமும் வோல்ற்றளவும்: மேசைக் கணனியின் மிகைவேக இயக்கம் பற்றிய ஒரு நோக்கு

மேசைக் கணனியொன்றின் முறைவழியாக்கியை, அதனை ஆக்கிய நிறுவனம் வரையறுத்த வேகத்திற்கு மேலாக இயக்குவதை ஓவர்குளொக்கிங் என வழங்குவர். மிகைவேக இயக்கம் என்று இக்கட்டுரை அதனைக் குறிக்கும். கணனி விளையாட்டில் ஈடுபடும் இளைஞரின் பொழுதுபோக்கு எனப் பலர் இதனை ஒதுக்கிவிடுவர். எனினும், இவ்வியக்கத்தின் உயிர்நிலையாக விளங்கும் வோல்ற்றளவுப் பிரச்சினை பொழுதுபோக்காளரோடு நின்றுவிடவில்லை. 2023, 2024ஆம் ஆண்டுகளில், மிகைவேக இயக்கம் என்ற சொல்லையே கேள்வியுறாத பலரது முறைவழியாக்கிகளும் மிகை வோல்ற்றளவினாற் பழுதுற்றன. அவை பழுதுற்ற வகையை விளங்கிக்கொள்வதற்கு, வோல்ற்றளவு முறைவழியாக்கியினுள் ஆற்றும் பணியை முதலில் நோக்குதல் வேண்டும்.

இக்கால முறைவழியாக்கி கோடிக்கணக்கான திரான்சிற்றர்களால் ஆனது. ஒவ்வொரு திரான்சிற்றரும் ஓர் ஆளி. ஒரு தருக்கப் படலை தன் நிலையை மாற்றும்போது, தன்னை அடுத்துள்ள படலைகளினதும் இணைப்புக் கம்பிகளினதும் சிறிய கொள்ளளவத்தை மின்னேற்றவோ மின்னிறக்கவோ வேண்டும். அதற்குச் செல்லும் நேரமே அப்படலையின் தாமதம். வழங்கப்படும் வோல்ற்றளவு, திரான்சிற்றரைத் திறக்கும் நுழைவாய் வோல்ற்றளவிலும் எவ்வளவு உயர்ந்து நிற்கின்றதோ, அவ்வளவுக்கு மின்னோட்டம் பெருகும், தாமதம் குறையும். ஒரு கடிகாரத் துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் மிக நீண்ட தருக்கப் பாதையும் தன் விடையைக் கொடுத்து முடித்தல் வேண்டும். 5 கிகாஹேட்ஸ் மீடிறனில் அதற்குள்ள அவகாசம் 200 பிக்கோசெக்கன் மாத்திரமே. மீடிறனை உயர்த்த அவகாசம் குறுகும். விடை வந்து சேருமுன் அடுத்த துடிப்பு வந்துவிடின் 1 இருக்கவேண்டிய இடத்தில் 0 பதிவாகிவிடும். இதனைத் தவிர்க்கவே மிகைவேக இயக்கத்தில் வோல்ற்றளவு உயர்த்தப்படுகின்றது.

ஒரே சிலிக்கன் தகட்டில், ஒரே நாளில் ஆக்கப்பட்ட சில்லுகளும் தம்முள் ஒத்தனவல்ல. ஆதலால் நிறுவனம் சில்லுகளைச் சோதித்துத் தரம் பிரித்து, அவை இயங்கவேண்டிய வேகத்தையும் அதற்கு வேண்டிய வோல்ற்றளவையும் குறித்து, அதன்மேல் ஒரு காப்பளவையும் சேர்த்துப் பதிந்துவிடுகின்றது. வெப்பமான அறை, மலிவான தாய்ப்பலகை, ஆண்டுகள் செல்ல ஏற்படும் மூப்பு ஆகியவற்றிற்கெல்லாம் இடம்விட்டு வைப்பதே அக்காப்பளவு. மிகைவேக இயக்கம் இந்தக் காப்பளவை எடுத்து இன்றே செலவிடுகின்றது.

செலவின் கணக்கு எளிது. ஆளிகள் மாறுவதால் விரயமாகும் வலு, கொள்ளளவத்திற்கும் மீடிறனுக்கும் நேர்விகித சமமாகவும், வோல்ற்றளவின் வர்க்கத்திற்கு நேர்விகித சமமாகவும் அமையும். 1.10 வோல்ற்றில் 4.0 கிகாஹேட்ஸ் மீடிறனில் இயங்கும் முறைவழியாக்கியொன்றை 4.6 கிகாஹேட்ஸ் வரை உயர்த்துவதற்கு 1.30 வோல்ற்று வேண்டியிருந்தது எனக் கொள்வோம். மீடிறன் 15 வீதத்தாற் கூடியது. வோல்ற்றளவு 18 வீதத்தாற் கூடியது. வலுவோ 60 வீதத்தாற் கூடிவிடும். நூறு உவாற்று நூற்றறுபது உவாற்றாகும். இதனோடு, திரான்சிற்றர்கள் மூடியிருக்கும்போதும் கசியும் ஓட்டம் வெப்பநிலையுடன் விரைந்து பெருகும் என்பதையும் சேர்த்தல் வேண்டும். வெப்பம் கசிவைக் கூட்ட, கசிவு வெப்பத்தைக் கூட்டும். குளிர்நாடொன்றில் 21 பாகை அறையில் எடுக்கப்பட்ட அளவீட்டை 31 பாகையுள்ள நமது அறைக்கு அவ்வாறே கொண்டுவருதல் தகாது. அந்தப் பத்துப் பாகையும் சில்லின் வெப்பநிலையிற் கூடிவிடும்.

இத்துணை விலை கொடுக்கவேண்டிய நிலை எக்காலத்தும் இருந்ததன்று. 1974ஆம் ஆண்டிலே ஐ.பீ.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ரொபேட் டெனாட் என்பாரும் அவர்தம் சகபாடிகளும் வெளியிட்ட ஆய்வு, திரான்சிற்றரின் பரிமாணங்களையும் வோல்ற்றளவையும் ஒரே விகிதத்திற் குறைத்துச் சென்றால், ஒரு சதுர மில்லிமீற்றரில் விரயமாகும் வலு மாறாதிருக்க வேகம் மட்டும் கூடும் எனக் காட்டியது. அடுத்த மூன்று தசாப்தங்களின் கணனி வளர்ச்சி பெரிதும் இவ்விதியின் மீதே நின்றது. 1993இல் வெளிவந்த முதற் பென்ரியம் 5 வோல்ற்றில் இயங்கியது. அடுத்த ஆண்டே 3.3 வோல்ற்று வந்தது. 1998இன் செலரன் 300ஏ 2.0 வோல்ற்றில் இயங்கியது. இச்செலரனே மிகைவேக இயக்கத்தின் பொற்காலச் சின்னமாக இன்றும் நினைவுகூரப்படுவது. 66 மெகாஹேட்ஸ் பாட்டையில் 300 மெகாஹேட்ஸ் வேகத்திற்கென விற்கப்பட்ட அச்சில்லு, பாட்டையை 100 மெகாஹேட்ஸ் ஆக்கியதும் பெரும்பாலும் 450 மெகாஹேட்ஸ் வேகத்தில் இயங்கியது. வோல்ற்றளவை மிகச் சிறிதே உயர்த்தினாற் போதும். பல சில்லுகளுக்கு அதுவும் வேண்டியிருக்கவில்லை. சில தாய்ப்பலகைகளில் பி21 என்னும் தொடுமுனையின் மீது ஒட்டுநாடாத் துண்டொன்றை ஒட்டுவதே முழு வேலையுமாயிற்று.

அக்காலம் 2004ஆம் ஆண்டளவில் முடிவுற்றது. வோல்ற்றளவைத் தொடர்ந்து குறைக்கவேண்டுமாயின் நுழைவாய் வோல்ற்றளவையும் குறைத்தல் வேண்டும். அதனை 100 மில்லிவோல்ற்றாற் குறைத்தால் கசிவு பத்து மடங்களவில் அல்லது அதனினும் கூடுதலாகப் பெருகும். இது வெப்பவியக்கத்தின் விதி, தொழினுட்பத் திறமையினால் வெல்லத்தக்கதன்று. ஆகவே வோல்ற்றளவு ஒரு வோல்ற்றின் அண்மையிற் தேங்கிவிட்டது. 2004இல் இன்ரெல் நிறுவனம் 4 கிகாஹேட்ஸ் பென்ரியம் 4 ஐ வெளியிடும் திட்டத்தைக் கைவிட்டமை இதன் வெளிப்பாடே. அதன்பின் வேகத்தில் எஞ்சியிருந்தது காப்பளவு மட்டுமே. அதனை யார் செலவிடுவது என்பது வணிகப் பிரச்சினையாயிற்று. 2011 முதல் இன்ரெல், பெருக்கெண்ணை மாற்றும் வசதியைக் ‘கே’ என்ற எழுத்துத் தாங்கிய, விலை கூடிய சில்லுகளுக்கே பெரும்பாலும் உரியதாக்கியது. முன்பு ஒட்டுநாடாத் துண்டொன்றாற் பெறப்பட்டது இப்பொழுது பண்டமாகியது.

இனி நடைமுறைக்கு வருவோம். பயோஸ் பட்டியலில் 1.30 என்று எழுதிவிட்டால் முறைவழியாக்கிக்கு 1.30 வோல்ற்று கிடைக்கும் என்பது புதியவர் பலரின் எண்ணம். அது தவறு. 1.25 வோல்ற்றில் 250 உவாற்றை நுகரும் சில்லுக்குள் 200 அம்பியர் ஓட்டம் பாய்கின்றது. ஒரு சிறிய மோட்டர் வாகனத்தை இயங்கத் தொடக்கும் ஓட்டத்திற்கு இது ஒப்பாகும். இத்துணை ஓட்டம் 1 மில்லியோம் தடையினூடு பாய்ந்தாலும் 0.2 வோல்ற்று வீழ்ச்சி ஏற்படும். இவ்வீழ்ச்சியைச் சுமைக்கோடு என்பர். இது குறைபாடுமன்று, வடிவமைப்போர் அறிந்தே வைத்தது. சுமை திடீரென நீங்கும்போது, சீராக்கியின் தூண்டிச் சுருள்களிலே தேங்கிய சத்தி ஒரு கணம் வோல்ற்றளவை மேலே தள்ளும். சுமையின்போது வோல்ற்றளவு முன்னமே தாழ்ந்திருந்தால், அத்தள்ளுகை எல்லையைக் கடவாது.

தாய்ப்பலகைகளிற் காணப்படும் சுமைக்கோட்டு ஈடுசெய்கை என்னும் ஏற்பாடு இவ்வீழ்ச்சியைக் குறைப்பது. அதனை உச்சத்திற்கு ஏற்றினால் கணனித்திரையிற் காட்டும் வோல்ற்றளவு ஆடாது அசையாது நிற்கும், பார்ப்பவருக்கு மகிழ்ச்சி. ஆனால் மென்பொருள் காட்டும் எண், வினாடிக்குச் சில முறை எடுக்கப்படும் மாதிரியே. மைக்கிரோசெக்கன் அளவில் நிகழும் மேற்றள்ளுகை அதில் தெரியவராது; அலைவுகாட்டி கொண்டே அதனைக் காணலாம். நடுத்தரமான ஈடுசெய்கையை வைத்து, ஓரளவு வீழ்ச்சியை ஏற்றுக்கொள்வதே தக்கது என்பது எமது கருத்து.

இதிலிருந்து பெறப்படும் இன்னொன்றும் உண்டு. பலர் இதனைக் கவனிப்பதில்லை. முறைவழியாக்கி மிகக் கூடிய வோல்ற்றளவைக் காண்பது அது கடுமையாக உழைக்கும்போதன்று. ஓரிரு கருக்கள் மட்டும் உச்ச மீடிறனுக்குத் தாவும் இலேசான வேலைகளிலேயே, கேட்கப்படும் வோல்ற்றளவும் உயர்வு, வீழ்ச்சியும் இழிவு. வெறுமனே திறந்து கிடக்கும் கணனியின் சில்லும் இதனால் மூப்படையக்கூடும்.

வோல்ற்றளவை நிலையாகப் பூட்டிவைத்தல் ஒரு முறை; நிறுவனம் பதிந்த மீடிறன்-வோல்ற்றளவு வளையியை முழுமையாகச் சிறிது உயர்த்தியோ தாழ்த்தியோ வைத்தல் மற்றொன்று. சோதனைக் காலத்திற்கு முன்னையதும் நாளாந்தப் பாவனைக்குப் பின்னையதும் ஏற்றவை. பெருக்கெண்ணை ஒவ்வொன்றாக உயர்த்தி, ஒவ்வொரு படியிலும் சுமையின் கீழுள்ள வோல்ற்றளவையும் வெப்பநிலையையும் குறித்துக்கொண்டு, பிழை தோன்றும்போது மட்டும் 10 முதல் 20 மில்லிவோல்ற்று வரை சேர்த்துச் செல்லுதல் வேண்டும். தொடக்கத்தில் 100 மெகாஹேட்சுக்கு 20 மில்லிவோல்ற்று போதுமாயிருக்கும், பின்னர் 50 வேண்டும், பின்னர் 100. வளையி நிமிரத் தொடங்கும் அவ்விடத்திற்கு ஒரு படி கீழே நிற்பதே அறிவுடைமை.

மூப்பு எனக் கூறியதன் பொருளை இங்கு விளக்குதல் தகும். இணைப்புக் கம்பியிற் பாயும் இலத்திரன்கள் உலோக அணுக்களைத் தம்மோடு தள்ளிச் செல்லும். நாளடைவில் ஓரிடத்தில் வெற்றிடமும் ஓரிடத்திற் குவியலும் உண்டாகும். இதன் வீதத்தை 1969இல் மோட்டறோலா நிறுவனத்து யேம்ஸ் பிளாக் சமன்பாடாக்கினார்: கம்பியின் ஆயுள் ஓட்ட அடர்த்தியின் ஏறத்தாழ இரண்டாம் வலுவுக்கு நேர்மாறாகவும், வெப்பநிலை உயர அடுக்குக்குறி முறையிலும் குறையும். மறுபுறம், திரான்சிற்றரின் மெல்லிய காவலிப் படலத்தில் உயர் மின்புலத்தினால் மின்னேற்றங்கள் சிக்குண்டு நுழைவாய் வோல்ற்றளவை உயர்த்தும். அப்பொழுது நேற்று 1.25 வோல்ற்றிற் பிழையின்றி இயங்கிய சில்லு இன்று 1.28 கேட்கும். கொடுத்தால் மூப்பு மேலும் விரையும்.

2023 ஏப்ரலில் ஏ.எம்.டீ. நிறுவனத்தின் றைசன் 7000 எக்ஸ்3டி வகைச் சில்லுகள் சில, தாய்ப்பலகையின் பொருத்தியோடு சேர்ந்து கருகிய செய்தி வெளியாயிற்று. நினைவகத்தை விளம்பரப்படுத்திய வேகத்தில் இயக்குவதற்கான முன்தயார் அமைப்பைத் தெரிவு செய்தபோது, சில தாய்ப்பலகைகள் சில்லின் துணைப்பகுதிக்கு அளவுமீறிய வோல்ற்றளவை வழங்கியிருந்தன. அதனை 1.3 வோல்ற்றுக்குள் நிறுத்தும் பயோஸ் திருத்தம் பின்னர் வந்தது.

இன்ரெலின் நிகழ்வு இதனினும் ஆழமானது. 2022இலும் 2023இலும் வெளிவந்த அதன் 13ஆம், 14ஆம் தலைமுறைச் சில்லுகளில் உச்சத்தில் நின்றவை 6 கிகாஹேட்ஸ் வரை தாமாகவே தாவுவன. 253 உவாற்று வரை நுகர்வன. வேறுவிதமாகக் கூறின், மிகைவேக இயக்கத்தை நிறுவனமே செய்து பெட்டியில் இட்டு விற்றது. இவற்றுள் பல சில மாதங்களில் நிலைகுலையத் தொடங்கின. விளையாட்டுகள் திடீரென நின்றன; காட்சி நினைவகம் போதாது என்ற செய்தி திரையிற் தோன்றியதாற் பலர் குற்றமற்ற காட்சி அட்டையை ஐயுற்றனர். 2024 யூலையில் இன்ரெல், நுண்குறிமுறையின் வழு காரணமாகச் சில்லு தேவைக்கு மேற்பட்ட வோல்ற்றளவைக் கேட்டுப் பெற்றதென அறிவித்தது. அதே ஆண்டு செப்ரெம்பரில் வெளியிட்ட விளக்கத்தில், கருவினுள்ளே கடிகாரத் துடிப்பைப் பகிர்ந்தளிக்கும் சுற்றே உயர் வோல்ற்றளவிலும் வெப்பத்திலும் மூப்படைந்தது என்றும், தாய்ப்பலகைகளின் வரையறை மீறிய வலு அமைப்புகளும் காரணங்களுள் ஒன்று என்றும், இலேசான வேலைகளின்போதே மிகை வோல்ற்றளவு கேட்கப்பட்டமை மற்றொன்று என்றும் கூறியது. ஆகத்தில் வந்த திருத்தம் 1.55 வோல்ற்றுக்கு மேற்பட்ட கோரிக்கையைத் தடுத்தது. ஆயினும் ஏலவே மூப்படைந்த சில்லை எத்திருத்தமும் மீட்காது. உத்தரவாதக் காலம் இரண்டு ஆண்டுகளால் நீட்டப்பட்டது. அட்டவணைகளில் ஒரு சில வீதம் முன்னிற்பதற்காக நிறுவனங்கள் செலவிட்ட காப்பளவு, வாங்கியவர் பணங்கொடுத்துப் பெற்ற காப்பளவேயாகும்.

ஆய்வாளர்க்கு இதிற் கவலைதரத்தக்கது சில்லின் மரணமன்று, அதற்கு முந்திய நிலை. போதிய வோல்ற்றளவற்ற அல்லது மூப்புற்ற சில்லு எப்பொழுதும் நின்றுவிடுவதில்லை. தவறான விடையொன்றைத் தந்துவிட்டுத் தொடர்ந்தும் இயங்கும். மிகைவேக இயக்குநர் சோதனைக்குப் பயன்படுத்தும் பிரைம்95 என்ற செய்ந்நிரல், மெர்சென் முதன்மை எண்களைத் தேடுவதற்கென 1996இல் தோன்றியது. பல நாட்கள் ஓடும் கணிப்பின் நடுவே ஒரு துணுக்கு மாறினாலும் விடை பயனற்றதாகிவிடும் என்பதால், இடையிடையே தன் கணிப்பைத் தானே சரிபார்க்கும் ஏற்பாடு அதிலுண்டு. இக்குணமே அதனைச் சோதனைக் கருவியாக்கியது. மாணவரது ஆய்வுத் தரவுகளைக் கணிக்கும் செய்ந்நிரல்கள் பெரும்பாலும் அவ்வாறு சரிபார்ப்பனவல்ல. ஆய்வுகூடக் கணனியில் ஒரே கணிப்பை இருமுறை செய்து ஒப்பிட்டபின்னரே அதனை நம்புதல் நன்று. புதிய கணனி வந்தவுடன் பயோஸ் அமைப்புகளைத் தாய்ப்பலகை நிறுவனத்தின் விருப்பத்திற்கு விடாது, முறைவழியாக்கி நிறுவனம் விதந்துரைத்த எல்லைகளுக்குள் நிறுத்துதலும் வேண்டும்.

வோல்ற்றளவைக் குறைத்து இயக்குவோரும் உளர். பதியப்பட்ட காப்பளவிற் சிறுபகுதியை நீக்கி, வேகம் குன்றாது 50 மில்லிவோல்ற்று அளவிற் குறைத்தாலும் வெப்பம் தெளிவாகத் தணியும். மின்கட்டணம் கட்டுவோர்க்கு இதுவே மிகப் பயனுள்ள முறை. எனினும் இதற்கும் ஒரு வரலாறு நேர்ந்தது. வோல்ற்றளவை மென்பொருளாற் குறைத்து வேண்டுமென்றே பிழைகளை உண்டாக்கி, இன்ரெல் சில்லின் காக்கப்பட்ட பகுதியிலிருந்து இரகசியச் சாவிகளைப் பெறலாம் என்பதை, பேமிங்ஹாம், கிறாஸ், லூவன் நகரங்களின் பல்கலைக்கழகத்தினர் 2019 திசெம்பரில் வெளிப்படுத்தினர். பிளன்டர்வோல்ற் என அது பெயர்பெற்றது. அதன்பின் வந்த திருத்தங்கள் அக்கட்டுப்பாட்டைப் பல கணனிகளிற் பூட்டிவிட்டன. மடிக்கணனியின் வெப்பத்தைத் தணிப்பதற்காக அதனைப் பயன்படுத்திவந்த பலர் அவ்வசதியை இழந்தனர்.