'சுருக்' என்பது எத்தனை மில்லிஆம்பியர்?

ஒற்றைத் தலைவலிக்கு மாத்திரை வாங்கினால் அட்டையில் இத்தனை மில்லிகிராம் என்று அச்சடித்திருக்கும். அதே தலைவலிக்கு மேற்கையில் கட்டிக்கொள்ளும் 'நெரிவியோ' பட்டையில் அப்படிப் பொதுவான அளவு எதுவும் கிடையாது. இஸ்ரேலின் தெரானிகா நிறுவனம் உருவாக்கிய இந்தக் கருவி, 2019இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஒப்புதலைப் பெற்றது. 2023இல் டாக்டர் ரெட்டிஸ் நிறுவனம் வழியாக இந்தியாவுக்கும் வந்தது. தலைவலி தொடங்கியதும் பட்டையைக் கட்டிக்கொண்டு, கைபேசிச் செயலியில் மின்துடிப்பின் வலுவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். நன்றாகத் தெரிய வேண்டும், வலிக்கக் கூடாது. அந்த இடத்தில் நிறுத்தி 45 நிமிடம் விட்டுவிட வேண்டும். மருந்தின் அளவை இங்கே தீர்மானிப்பது நோயாளியின் தோல்.

நெற்றியில் ஒட்டிக்கொள்ளும் 'செஃபாலி', கைநடுக்கத்துக்காக மணிக்கட்டில் கட்டும் 'காலா', முதுகுவலிக்கு ஒட்டும் டென்ஸ் பட்டைகள் எல்லாமே இந்த இனம்தான். ஃபிசியோதெரபி மையத்துக்குப் போய்வந்தவர்கள் "கரண்ட் வச்சாங்க" என்று சொல்வதும் இதைத்தான். ஒருவருக்கு இதமாக இருக்கும் அளவு, பக்கத்துப் படுக்கையில் இருப்பவருக்குச் சுள்ளென்று தைக்கிறது. ஒரே ஆளுக்கே நேற்றைய அளவு இன்று பொருந்தாமல் போகிறது. கருவியில் கோளாறு என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை.

தோலின் மேற்புறத்தில் இறந்த செல்களாலான மெல்லிய அடுக்கு ஒன்று உண்டு. தலைமயிரைவிட மெல்லியது என்றாலும் மின்சாரத்துக்குப் பெரும் தடை அதுதான். உலர்ந்த தோலோடு இருக்கும்போது உடலின் மின்தடை 1 லட்சம் ஓம் வரைகூடப் போகும். நனைந்துவிட்டால் 1,000 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். வியர்வைத் துளைகள் மின்சாரத்துக்குக் குறுக்குவழி ஆகிவிடுவதும் உண்டு. ஆகவே வெயிலில் நடந்து வந்தவரின் தோலும் குளிர்சாதன அறையில் இருந்தவரின் தோலும் ஒன்றல்ல. பட்டையின் ஓரம் பிய்ந்துகொண்டால் தொல்லை இன்னும் கூடும். பல கருவிகள் எது நடந்தாலும் ஒரே அளவு மின்சாரத்தைச் செலுத்தும்படி வடிவமைக்கப்பட்டவை. ஒட்டியிருக்கும் பரப்பு சுருங்கச் சுருங்க, அவ்வளவு மின்சாரமும் அந்தச் சின்ன இடத்திலேயே நெருக்கி இறங்கும். திடீரென்று ஊசி குத்தியதுபோல் வலிப்பது அதனால்தான். பட்டையில் ஜெல் காய்ந்துபோனாலும் இதே கதை.

தோலைத் தாண்டினால் நரம்பு. ஒரு விரல் நம் கையைத் தொடும்போது, அழுத்தத்தையும் அதிர்வையும் உணரும் நுண்ணிய ஏற்பிகள் முதலில் விழித்து, பிறகு நரம்பிழைகளுக்குச் செய்தி அனுப்புகின்றன. மின்சாரம் அந்த வரிசையை மதிப்பதில்லை. அழைப்பு மணியின் பொத்தானை விட்டுவிட்டு, உள்ளே போகும் கம்பியிலேயே கை வைப்பதைப் போல, ஏற்பிகளைத் தாண்டி இழைகளையே நேராகத் தூண்டிவிடுகிறது. அருகில் இருக்கும் பலவகை இழைகள் ஒரே கணத்தில் துடிக்கின்றன. இயற்கையில் இப்படி ஒரு செய்தி மூளைக்கு வருவதே இல்லை. அதனால்தான் மக்கள் அதைக் குறுகுறுப்பு, எறும்பு ஊர்வது, விர்ரென்ற அதிர்வு, அரிப்பு, கிள்ளல், எரிச்சல் என்று ஆளுக்கொரு விதமாக விவரிக்கிறார்கள்.

தொடுதலைச் சுமக்கும் இழைகள் தடித்தவை, குறைந்த மின்சாரத்துக்கே விழித்துக்கொள்பவை. வலியைச் சுமப்பவை மெல்லியவை. அவை எழுவதற்குக் கூடுதல் மின்சாரம் வேண்டும். இந்த இடைவெளிக்குள்தான் அணிகருவிகளின் மொத்தப் பிழைப்பும் நடக்கிறது. தடித்த இழைகளின் துடிப்பு முதுகுத்தண்டிலேயே வலிச் செய்தியை மறித்துவிடும் என்ற கருத்தை ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் 1965இல் முன்வைத்தார்கள். இரண்டே ஆண்டுகளில் வாலும் வில்லியம் ஸ்வீட்டும் தங்கள் முகத்து நரம்புகளிலேயே அதைச் சோதித்துப் பார்த்தார்கள். இன்றைய டென்ஸ் கருவிகளின் வேர் அங்கே இருக்கிறது.

அந்த இடைவெளி மிகக் குறுகலானது என்பதுதான் சிக்கல். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் கர்ட் காஸ்மாரெக்கும் சகாக்களும் 1991இல் எழுதிய ஆய்வுத் தொகுப்பு இன்றும் இந்தத் துறையின் அடிப்படை நூலைப் போலப் பயன்படுகிறது. உணர்வு தொடங்கும் அளவைப்போல் இரண்டு முதல் பத்து மடங்குக்குள் மின்சாரம் வலியாக மாறிவிடும் என்கிறது அது. அதிர்வு மோட்டாருக்கோ இந்த இடைவெளி நூறு மடங்கு அளவுக்கு விரியும். கைக்கடிகாரங்கள் மின்துடிப்பை விட்டுவிட்டு அதிர்வையே அறிவிப்புக்குப் பயன்படுத்துவதற்கு இது ஒரு நல்ல காரணம்.

தொடக்கப் புள்ளியே எல்லோருக்கும் ஒன்றல்ல. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் சார்ல்ஸ் டால்சியல் தன்னார்வலர்களை வைத்துச் சோதித்தபோது, கையில் பிடித்திருக்கும் கம்பி வழியாக வரும் 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை ஆண்கள் சராசரியாக 1.1 மில்லிஆம்பியரில் உணர்ந்தார்கள், பெண்கள் 0.7இல் உணர்ந்தார்கள். உடலில் இடம் மாறினாலும் கணக்கு மாறும். பார்வையற்றவர்களுக்குத் தொடுதல் வழியாகக் காட்சியைத் தர முயன்ற பால் பாக்-இ-ரீட்டா, முதுகிலும் வயிற்றிலும் விரல்நுனியிலும் முயன்றுவிட்டுக் கடைசியில் நாக்குக்கு வந்தார். விரல்நுனிக்குத் தேவைப்படும் மின்னழுத்தத்தில் ஏறத்தாழ 3 சதவீதமே நாக்குக்குப் போதும் என்று 1998இல் அவருடைய குழு கண்டது. உமிழ்நீர் எப்போதும் ஈரமாக வைத்திருக்கும் இடம், இறந்த செல்களின் தடித்த மூடியும் இல்லை. அந்த ஆராய்ச்சியில் பிறந்த 'பிரெயின்போர்ட்' கருவி 2015இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

இவ்வளவும் உடல். மனம் இதில் இன்னொரு கையைச் சேர்க்கிறது. ஹார்வர்டில் கர்ட் கிரேயும் டேனியல் வெக்னரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றவர்களுக்கு ஒரே வலுவுள்ள மின்னதிர்ச்சி தரப்பட்டது. எதிராளி வேண்டுமென்றே தருகிறார் என்று நம்பியவர்களுக்கு அது கூடுதலாக வலித்தது. தவறுதலாக வருகிறது என்று நம்பியவர்களுக்குப் போகப்போகப் பழகிவிட்டது. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் திமொத்தி வில்சன் குழுவினர் 2014இல் கண்டது இன்னும் வியப்பு. வெறும் அறையில் 15 நிமிடம் தனியாகச் சிந்தித்துக்கொண்டிருக்கும்படி விடப்பட்ட 18 ஆண்களில் 12 பேர், 24 பெண்களில் 6 பேர், பொத்தானை அழுத்தித் தமக்குத் தாமே ஷாக் கொடுத்துக்கொண்டார்கள். அந்த ஷாக்கைத் தவிர்க்கப் பணம்கூடத் தருவோம் என்று சற்று முன்னர் சொன்னவர்கள் அவர்கள்.

பொத்தான் யார் கையில் என்பது சிறிய விஷயமே அல்ல. வலுவைக் கூட்டும் உரிமை பயனாளரிடம் இருந்தால் அவர் கூடுதல் மின்சாரத்தைத் தாங்கிக்கொள்கிறார். சில நிமிடங்களில் உணர்வு மங்கும்போது அவரே ஒரு படி ஏற்றிக்கொள்ளவும் முடிகிறது. இதைப் பொருட்படுத்தாமல் வடிவமைக்கப்படும் கருவி, எவ்வளவு நல்ல அறிவியலின் மேல் நின்றாலும், அலமாரியில் தூங்கும். செஃபாலியைப் பயன்படுத்திய 2,313 பேரிடம் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் விசாரித்தபோது ஏறத்தாழ 53 சதவீதம் பேரே திருப்தி என்றார்கள். குறைகளில் முன்னால் நின்றது, அந்த உணர்வே பிடிக்கவில்லை என்பது.

ஆராய்ச்சியாளர்களுக்கும் இது தலைவலி. மாத்திரை என்றால் சர்க்கரை உருண்டையைக் கொடுத்து ஒப்பிடலாம். மின்துடிப்பே வராத போலிக் கருவியை நோயாளி ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார். அதனால் 2019இல் வெளியான நெரிவியோ சோதனையில், போலிக் கருவியும் உணரக்கூடிய, ஆனால் மிக அரிதாக வரும் துடிப்புகளைத் தந்தது. இரண்டு மணி நேரத்தில் வலி தணிந்ததாகச் சொன்னவர்கள் உண்மைக் கருவியில் 66.7 சதவீதம், போலியில் 38.8. இடையில் இருக்கும் வித்தியாசம் கருவியின் சாதனை. அந்த 38.8ஐயும் அலட்சியப்படுத்த முடியாது.

உணர்வை வைத்தே அளவை முடிவுசெய்யும் முறைக்கு ஒரு பெரிய ஓட்டை உண்டு. உணர்வு குறைந்தவர்கள் என்ன செய்வார்கள்? சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை முன்னின்று நடத்திய, 2023இல் வெளியான தேசிய ஆய்வின்படி தமிழ்நாட்டில் வயதுவந்தவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. நோய் நாள்பட்டவர்களில் பலருக்கு நரம்பு பாதித்துப் பாதம் மரத்துப்போகிறது. பாத எரிச்சலுக்கு மின்பட்டை தேடுகிறவர்களிலும் அவர்கள் உண்டு. நன்றாகத் தெரியும் வரை கூட்டுங்கள் என்ற அறிவுரை அவர்களுக்குப் பொருந்தாது. தெரியவில்லையே என்று ஏற்றிக்கொண்டே போனால் தோல் புண்ணாகலாம், சுடலாம். ஃபிசியோதெரபிஸ்ட் கரண்ட் வைப்பதற்கு முன்னால் பஞ்சாலும் கூர்முனையாலும் தொட்டு, தெரிகிறதா என்று கேட்பது இதற்காகத்தான். பேஸ்மேக்கர் இருக்கிறதா, கர்ப்பமா என்றும் அவர் கேட்பார். இணையத்தில் வாங்கி வீட்டுக்கு வரும் பெட்டியோடு அந்தச் சோதனையைச் செய்ய ஆள் வருவதில்லை. அதை அருகிலுள்ள மருத்துவரிடமோ ஃபிசியோதெரபிஸ்டிடமோ செய்துகொண்ட பிறகே பட்டையை ஒட்ட வேண்டும்.