பீட்டா போடலாமா?

2018 பிப்ரவரியில் ஒரே ஒரு தெலுங்குக் கூட்டெழுத்து உலகமெங்கும் ஐபோன்களைத் திணறடித்தது. அந்த எழுத்தை யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும், செயலி தானாக மூடிக்கொள்ளும், மறுபடி திறக்காது. எழுத்தைத் திரையில் வரையும் நிரலில் இருந்த பிழை அது. பிப்ரவரி 19 அன்று ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ்ஸின் 11.2.6 பதிப்பு வந்த பிறகே நிலைமை சீரானது. ஆனால் அப்போது சோதனையில் இருந்த 11.3 பீட்டாவில் அந்தப் பிழை ஏற்கெனவே சரிசெய்யப்பட்டிருந்தது.

இயங்குதளத்தின் அடுத்த பதிப்பை முறைப்படி வெளியிடும் முன்பே விருப்பமுள்ள பொதுமக்களிடம் கொடுத்து, குறைகளைச் சொல்லச் சொல்வதுதான் பொதுச் சோதனைத் திட்டம்; அந்தச் சோதனைப் பதிப்புதான் பீட்டா. ஒரு காலத்தில் இதற்குக் காசும் வாங்கினார்கள். 2000 செப்டம்பரில் ஆப்பிள் தன் மேக் ஓஎஸ் எக்ஸ் சோதனைப் பதிப்பை 29.95 டாலருக்கு விற்றது. அடுத்த மே மாதம் அது காலாவதியும் ஆனது. 2014-இல் மைக்ரோசாஃப்ட் தொடங்கிய ‘விண்டோஸ் இன்சைடர்’ திட்டம் இலவசம். 2015-இல் ஐபோனுக்கும் 2016-இல் ஆண்ட்ராய்டுக்கும் இந்த வழக்கம் வந்தது. சாம்சங் தன் விலை உயர்ந்த சில கேலக்ஸி மாடல்களுக்கு, ‘சாம்சங் மெம்பர்ஸ்’ செயலி வழியாக இந்தியாவிலும் பீட்டா தருகிறது.

இத்தனை பேர் சோதித்தும் பிழை தப்புமா? தப்பியிருக்கிறது. 2018 அக்டோபர் 2-ஆம் தேதி வெளியான விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு, சிலருடைய கணினியில் ஆவணங்களையும் படங்களையும் அழித்துவிட்டது. நாலைந்து நாளில் மைக்ரோசாஃப்ட் விநியோகத்தை நிறுத்தியது. நவம்பர் 13 அன்றுதான் திரும்ப வெளியிட்டது. பிறகு தெரியவந்தது, சோதனையாளர்கள் சிலர் இதை முன்பே எழுதியிருந்தார்கள். நிறையப் பேர் ஆமோதித்த புகார்தான் மேலே வரும் என்ற ஏற்பாட்டில், ஒருசிலரின் பெரிய இழப்பு அடியில் கிடந்துவிட்டது. பாதிப்பு எவ்வளவு கடுமையானது என்று குறிக்கும் வசதி அதன் பிறகுதான் சேர்க்கப்பட்டது. தலைகளை எண்ணிப் பிழையை எடைபோட்டது மைக்ரோசாஃப்டின் தவறு என்றே சொல்ல வேண்டும்.

சங்கராபுரம் போன்ற சிற்றூரில் இருப்பவருக்கு இதில் என்ன வேலை? நிறையவே இருக்கிறது. நிறுவனத்தின் ஆய்வகத்தில் நல்ல வைஃபையும் புதுப் போனும் இருக்கும். கல்வராயன் மலையில் விட்டுவிட்டு வரும் சிக்னலும், உடைந்து தெரியும் தமிழ் எழுத்தும் அங்கே தென்படாது. விண்டோஸின் தமிழ் ஒலியியல் விசைப்பலகையே 2018 கடைசியில் இன்சைடர்களிடம் போய், 2019 மே மாதப் பதிப்பில் எல்லோருக்கும் வந்ததுதான். தமிழில் தட்டச்சு செய்பவர் சோதிக்காவிட்டால் தமிழில் உள்ள குறையை வேறு யார் கண்டுபிடிப்பார்?

அதற்காக, வீட்டில் இருக்கும் ஒரே போனில் பீட்டா போடாதீர்கள். வங்கிச் செயலிகள் சில சோதனைப் பதிப்பில் திறக்காமல் போகலாம். மளிகைக் கடையில் க்யூஆர் முன்னால் நிற்கும்போது அது தெரிந்தால் சங்கடம். பேட்டரி சீக்கிரம் இறங்கும். பதிவிறக்கம் ஜிபி கணக்கில் இருக்கும், அன்றாட டேட்டா அதிலேயே தீர்ந்துவிடலாம். திரும்பி வருவது இன்னும் தொல்லை: ஆண்ட்ராய்டில் பாதியில் விலகினால் போனில் உள்ளது மொத்தமும் அழியும். இறுதிப் பதிப்பு வந்து, அதை ஏற்றிக்கொண்டு விலகினால் அழியாது. ஐபோனில் பீட்டாவில் எடுத்த காப்புப்பிரதி பழைய பதிப்பில் ஏறாது; ஆகவே போடும் முன்பே கணினியில் ஒரு நகல் எடுத்து வைக்க வேண்டும். படிப்புக்கென்று அரசு தந்த மடிக்கணினியில் இந்த விளையாட்டு வேண்டவே வேண்டாம்.

பழைய போன் ஒன்று சும்மா கிடந்து, பீட்டா பட்டியலில் அதன் மாடலும் இருந்தால் தாராளமாகப் போடலாம். போட்டால் மட்டும் போதாது. புதிய வசதியை நண்பர்களிடம் காட்டிவிட்டு ஓய்ந்துபோகிறவரால் யாருக்கும் பயனில்லை. எந்தச் செயலியில், என்ன செய்தபோது, என்ன ஆனது என்று நான்கு வரி, கூடவே ஒரு ஸ்கிரீன்ஷாட். கருத்துப் பெட்டியில் அதை எழுதி அனுப்புங்கள். உங்களைப் போலவே எழுத்து உடைந்து அவதிப்படும் இன்னொருவர் ஏற்கெனவே எழுதியிருந்தால், அவருடைய புகாரின் கீழ் உங்கள் ஆமோதிப்பையும் போட்டுவிடுங்கள்.