மறைந்துறையும் நிறம்

நெய்வேலியின் செம்மண் பரப்பை மட்டும் காண்பவர், அதனடியில் பழுப்பு நிலக்கரி புதைந்து கிடப்பதை உணரார். மேல்மண்ணை அகற்றினால்தான் அது கண்ணுக்குப் புலப்படும். உயிர்களின் உடலிலும் இவ்வாறே மறைந்துறையும் பண்புகள் உண்டு. மரபியலார் அவற்றை ஒடுங்கு பண்புகள் என்பர்.

ஒவ்வோர் உயிரும் ஒரு பண்புக்குரிய மரபணுவைத் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாகப் பெறுகிறது. இரண்டும் ஒடுங்கு மரபணுவாக அமைந்தால்தான் அப்பண்பு வெளிப்படும். ஒன்று மட்டும் இருப்பின், அது வெளித்தோன்றாமல் சந்ததிக்குக் கடத்தப்படும். பட்டாணிச் செடிகளை ஆராய்ந்த மெண்டல் 1866இல் வெளியிட்ட உண்மை இதுவேயாகும்.

இதற்கு நம் நாட்டிலேயே சிறந்த சான்று உண்டு. 1951இல் ரேவா மன்னர் மார்த்தாண்ட சிங், மோகன் என்னும் வெள்ளைப்புலிக் குட்டியைப் பிடித்து வளர்த்தார். பேகம் என்னும் இயல்பு நிறப் பெண்புலியோடு அதனை இணைத்தபோது, ஒரு குட்டியேனும் வெள்ளையாகப் பிறக்கவில்லை. வெண்மை அழிந்துபோயிற்றோ? இல்லை, எல்லாக் குட்டிகளிலும் அது ஒளிந்திருந்தது. அவற்றுள் ஒன்றாகிய ராதாவைத் தந்தையாகிய மோகனோடே இணைத்தனர். 1958இல் நான்கு குட்டிகள் பிறந்தன, நான்கும் வெள்ளை! கணக்கின்படி எதிர்பார்க்கத்தக்கது பாதியே. நான்கும் அவ்வாறு அமைந்தது பதினாறில் ஒரு வாய்ப்பு.

மேலைநாடுகளில் மலைப்பாம்பு வளர்ப்போர் வெண்மஞ்சள் நிறப் பாம்புகளைப் பெறுவதும் இம்முறையிலேதான். ஒடுங்கு மரபணுவைச் சுமக்கும் பாம்பு, தோற்றத்தில் ஏனைய பாம்புகளைப் போன்றதே. ஆயினும் அதன் விலை மிகுதி. நம் நாட்டிலோ 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் நாகம், மலைப்பாம்பு முதலியவற்றைப் பிடித்து வளர்ப்பதைத் தடுக்கிறது. எங்கேனும் வெண்ணாகம் தென்படின், அது தெய்வ அற்புதமும் அன்று. தீய சகுனமும் அன்று. ஒளிந்திருந்த இரு மரபணுக்கள் ஒன்று கூடியதன் விளைவே அது.

நிறத்துக்காக நெருங்கிய உறவிலேயே இணைப்பதால் தீங்கும் விளைந்தது. வெண்மையோடு, மறைந்திருந்த குறைகளும் வெளிப்பட்டன. மாறுகண் வெள்ளைப்புலிகளிடம் மிகுதியாகக் காணப்படுகிறது. அமெரிக்க உயிரியல் பூங்காக்களின் சங்கம் 2011இல் தன் உறுப்பினர்கள் வெள்ளைப்புலி இனப்பெருக்கம் செய்வதைத் தடுத்தது.

இவ்விடத்தில் நாம் நம்மையும் நோக்க வேண்டும். 'சொந்தம் விட்டுப் போகக் கூடாது' என்று உறவுக்குள்ளேயே மணம் முடிக்கும் வழக்கம் தமிழகத்தில் பல சமுதாயங்களிலும் உண்டு. ஒருவர் ஒரு நோயின் ஒடுங்கு மரபணுவைச் சுமந்தால், அவர்தம் அத்தை அல்லது மாமன் பிள்ளையும் அதனையே சுமக்க உறவின் வழியாக எட்டில் ஒரு வாய்ப்பு உண்டு. தாய்மாமன், அக்காள் மகள் உறவில் அது நான்கில் ஒன்று. இருவரும் சுமந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பாகும். தலசீமியா இவ்வகை நோயே.

உறவுத் திருமணம் யாவும் தீங்கு தரும் என்பது நம் கருத்தன்று; பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றன. ஆயினும், பெண் பார்க்குமுன் குடும்பத்தில் இத்தகைய நோய் உண்டா என்று வினவுவதும், தலசீமியாவுக்குரிய குருதிப் பரிசோதனை செய்துகொள்வதும் பெரியோர் கடன். குறையுடன் பிறந்த குழந்தைக்காகத் தாயை மட்டும் பழிப்பது அறியாமை. அந்நோய்க்கு இருவரும் சமமாகவே ஒவ்வொரு மரபணு தந்திருக்கின்றனர் என்பதை உணர்வோமாக.